இடது பக்கத்துக் குருவிகள்

என் புருஷனுக்கு இடது பக்கம் காணாமல் போனது ஓர் ஆவணி மாதத்தில். கண் போகவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மூளையில் ரத்தம் அடைத்து, இடது கையும் காலும் விழுந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, திருவொற்றியூர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் இது எனக்குத் தெரியவந்தது.

சாப்பாட்டில்தான் முதலில் கண்டேன். தட்டில் சோறு வைத்தால் வலது பாதியை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னாமே, கொஞ்சூண்டு போட்டுக்கீற? இன்னும் போடு" என்பார். இடது பாதிச் சோறு குழம்போடு அப்படியே இருக்கும். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து, "யோவ், கண்ணு அவிஞ்சா பூடுச்சு? எதுர கீதே!" என்று கத்தினேன். மனுஷன் நிஜமாகவே தட்டைத் தேடினார். நான் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தேன். "ஆங், இப்ப சரி" என்று மீதியையும் தின்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. பயமா ஆச்சரியமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் அந்தப் பாதிச் சோறு எங்கே போயிருந்தது?

அதைவிட மோசம் என் கதை. இடது பக்கம் நின்று பேசினால் என் குரல் அவருக்குக் கேட்கும். பதிலும் சொல்வார். ஆனால் தலையை வலது பக்கம் திருப்பி, அங்கே சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துச் சொல்வார். நான் குத்துக்கல்லாட்டம் இங்கே நிற்கிறேன், மனுஷன் காலண்டரோடு குடித்தனம் நடத்துகிறார். வயிறு எரிந்தது எனக்கு. அந்தாண்டை போய் வலது பக்கம் நின்றால் போதும், பார்ப்பார், சிரிப்பார். ஆனால் அங்கே போகவே கூடாது என்று சொல்லிவிட்டாள், வாரத்துக்கு ஒருமுறை வரும் பிசியோ பெண்.

"அம்மா, நீங்க பாவம் பார்த்து வலது பக்கம் போனீங்கன்னா ஐயாவோட மூளை இடது பக்கத்த மொத்தமா கை விட்டுடும். சாப்பாடு, தண்ணி, நீங்க, எல்லாமே இடது பக்கம்தான் இருக்கணும். அவருக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது அந்தப் பக்கம் இருந்தா, அதத் தேடி ஒருநாள் தலை திரும்பும். திரும்பலன்னா நடக்கறது கஷ்டம்மா. அப்படி ஒரு பக்கம் இருக்கறதே தெரியாதவரு அந்தக் கால எப்படி ஊனுவாரு? இந்த ஆரம்ப மாசங்கள விட்டுட்டா அப்புறம் பிடிக்க முடியாது."

கட்டிலைப் பின்கதவுக்கு நேராக நகர்த்திப் போட்டேன். அவர் சாய்ந்து உட்கார்ந்தால் வலது கைப்பக்கம் சுவரும் காலண்டரும். இடது கைப்பக்கம் பின்கதவு. கதவுக்கு வெளியே துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பாயம்மா வீடு. அவள் வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் அரிசி மண்டி. மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்றடித்தால் முருங்கை இலையெல்லாம் கருப்புப் பொடி படிந்துவிடும். அலசாமல் கீரை ஆய முடியாது. அந்தப் பின்கட்டில் பார்ப்பதற்கு என்று ஒன்றுமே கிடையாது. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அவருக்கு ரொம்பப் பிடித்தது என்ன? டிவி வைத்துப் பார்த்தேன். சத்தம் கேட்டால் போதும் அவருக்கு, பார்க்கவே வேண்டாம். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. அவர் காசிமேட்டில் மீன் பிடிக்கிற லாஞ்சு ஓட்டியவர். மீன் இருக்கும் இடத்தைக் காட்ட மெஷின் வந்த பிறகும், தண்ணீருக்கு மேலே குருவிக் கூட்டம் எங்கே இறங்கிக் குத்துகிறது என்று பார்த்துத்தான் வலையை விடச் சொல்வார். அந்தப் பழக்கம் கரைக்கு வந்தாலும் விடாது. பஸ் ஸ்டாண்டில் நின்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார், தலைக்கு மேலே ஏதாவது பறந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். எத்தனை சண்டையில் அப்படித் தப்பித்திருக்கிறார்! சரி, உனக்குக் குருவிதானே வேண்டும், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று முடிவு பண்ணினேன்.

புரட்டாசி பிறந்திருந்தது. ஊரே சைவத்துக்குப் போய்விடும் மாதம். மீன் விலை படுத்துவிடும். காலையில் ஏலத்தில் கொஞ்சமாக எடுத்து, விற்றவரைக்கும் விற்றுவிட்டு, வெயில் ஏறும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுவேன். நான் மீன்காரி. யாரையாவது வீட்டுக்கு அழைத்தால் மீன் போடத்தான் எனக்குத் தெரியும். மத்தித் தலை, இறால் தலை எல்லாவற்றையும் கொண்டுவந்து துவைக்கிற கல்லின் மேல் பரப்பி வைத்தேன். அழகழகாகக் குருவி வந்து உட்காரும், என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைப்பு.

வந்தது யார்? தெருவில் இருக்கிற பூனை அத்தனையும் பந்திக்கு வந்துவிட்டது. காக்கா கூட்டம் மதில்மேல் உட்கார்ந்து பஞ்சாயத்து வைத்தது. மறுநாள் நான் ஒரு மத்தியைக் கையில் எடுத்ததுதான் தெரியும், மேலிருந்து என்னவோ விழுந்தது. முகத்தில் காற்று அறைந்தது. விரலில் சுரீரென்றது. செம்பருந்து! அரை நொடி என் கண்ணுக்கு நேராக இருந்தது அந்த முகம். வெள்ளைத் தலை, செங்கல் நிறத்து இறக்கை, பயமென்றால் என்னவென்றே தெரியாத ஒரு கண். துறைமுகத்தில் ஆயிரம் தடவை பார்த்த பறவைதான். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது விரலில் ரத்தம் ஒழுக ஒழுக இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். உள்ளே திரும்பிப் பார்த்தால் என் புருஷன் காலண்டரிடம் கேட்கிறார்: "இன்னா அங்க சத்தம்?"

மதிலுக்கு மேலே பாயம்மா தலை தெரிந்தது. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இன்னா, கருவாட்டுக் கம்பெனி எதுனா தொறந்துகீறியா? வூட்ல குந்த முடில. ஒரே கலீஜா கீது."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று தெரு முழுக்கத் தெரியும். ஆனால் அன்றைக்கு அழுகைதான் வந்தது. சொன்னேன். தட்டில் பாதிச் சோறு கிடப்பதை, காலண்டரை, பிசியோ பெண் சொன்னதை, எல்லாவற்றையும் மதிலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பாயம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு பை நொய்யரிசி வந்தது.

"மீன் போட்டா மீன் துன்றதுதான் வரும். இத்தப் போட்டுப் பாரு. மண்டில தெனம் கூட்டிப் பெருக்குறதுதான், எவ்ளோ வோணா தரேன்."

கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி நொய்யைத் தூவினேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சிட்டுக்குருவி வந்து, என்னை ஒரு பார்வை, அரிசியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது. போய்ச் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அப்புறம் மைனா, புறா, அணில் என்று ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். கண்டெய்னர் லாரி ஓயாமல் ஓடுகிற இந்த ஊரில் இவ்வளவு பேரும் எங்கே குடியிருந்தார்கள்? இத்தனை வருஷம் அந்தக் கல்லில் துணி துவைத்திருக்கிறேன், ஒருவரையும் எனக்குத் தெரியாது.

அரிசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று தற்செயலாக நடந்தது. புரட்டாசி வேக்காடு எப்படி இருக்கும் என்று நம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை ஒருநாள் நல்ல தண்ணீரில் அலசி, தெர்மாகோல் மூடியில் கொட்டிக் கல்லின் மேல் வைத்தேன். ஒரு மைனா வந்து ஐஸ் மேலேயே உட்கார்ந்தது. சுருக்கென்று ஒரு காலைத் தூக்கியது. அதை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கியது. என்ன இது என்று என்னைப் பார்த்துத் திட்டியது. அப்புறம் உருகின தண்ணீருக்குள் இறங்கி, இறக்கையை விரித்து ஒரு குளியல் போட்டது பாருங்கள், அடேயப்பா! தண்ணீர் கதவு வரைக்கும் தெறித்தது. அதைப் பார்த்து இன்னொன்று, இன்னொன்று. கையில் துடைப்பத்தோடு நின்றபடியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதுவும் தெரியவில்லை.

அந்தத் தண்ணீருக்குத்தான் ஒரு காலை அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. ஒல்லியாக, சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறுமாக, நடந்துகொண்டே வாலை மேலும் கீழும் ஆட்டியது. ஒரு நிமிஷம் வால் நிற்கவில்லை. நான் கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னேன்: "யோவ், வால ஆட்டிக்கினே ஒரு குருவி வந்துகீதுய்யா."

"பொர்ட்டாசி ஆயிட்ச்சா?" என்றார் காலண்டரைப் பார்த்து. "அப்பன்னா வந்துரும். எங்கியோ மல தாண்டி வருது அது. லாஞ்சுல கூட குந்தும், பறக்க முடியாம. மூடில தண்ணி வெச்சா குடிச்சிட்டுப் பூடும். எங்க கீது?"

மலை தாண்டி, ஊர் தாண்டி, கட்டைவிரல் நீள உடம்பை வைத்துக்கொண்டு, கருப்புப் பொடி படிந்த என் துவைக்கிற கல்லுக்கு வந்திருக்கிறது. "இந்தாண்டய்யா. இப்டி, இப்டித் திரும்பு" என்றேன். அவருக்குப் பார்க்க வேண்டும் என்று ஆசை, முகத்தில் தெரிந்தது. திரும்பினார். வலது பக்கமாகத் திரும்பினார். காலண்டரைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கழுத்து நரம்பு புடைக்க, இதற்கு மேல் முடியாது என்கிற மட்டும் வலது பக்கமாகவே திரும்பித் தேடினார். "காணமேமே" என்றார் சின்னப் பிள்ளை மாதிரி. நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன். பிறகு கடவுளை என் பாஷையில் நாலு வார்த்தை கேட்டேன். அதை இங்கே எழுத முடியாது.

பிசியோ பெண் வந்தாள். கை காலை நீட்டி மடக்கி எல்லாம் செய்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "இன்னும் ஒரு தடவை கூடத் திரும்பலையாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டு, "அடுத்த வாரம் வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் ராத்திரி மழை இரண்டு மூன்று பெய்தது. காலையில் பார்த்தால் முருங்கை மரத்தின் அடிப்பகுதி கம்பளி போர்த்திக்கொண்டிருந்தது. கம்பளிப்பூச்சி! ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. முருங்கை வைத்திருக்கும் யாரும் செய்வது ஒன்றுதான், கழியில் துணி சுற்றி, எண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டுவது. நானும் கழியைத் தேடி எடுத்தேன். அப்போதுதான் கிளையில் அது வந்து உட்கார்ந்தது. கருப்பு வெள்ளை உடம்பு, தலையில் சீவி விட்ட கொண்டை. ஒரு பூச்சியைக் கொத்தி, கிளையில் இப்படியும் அப்படியும் தேய்த்து மயிரை உரித்து, விழுங்கிவிட்டது. நமக்கு மேலே பட்டால் உடம்பெல்லாம் தடிக்கிற அந்த விஷத்தை! கழியைக் கீழே போட்டேன். அரிசிக்கு வராதது, மீனுக்கு வராதது, யாருக்குமே வேண்டாத இந்தப் பூச்சிக்கு வந்திருக்கிறது. மறுநாள் செம்போத்து வந்தது. அதற்கும் மறுநாள் ஒரு மஞ்சள் பறவை. மஞ்சள் என்றால் சும்மா மஞ்சள் இல்லை, அப்போதுதான் அம்மியில் அரைத்து வழித்த மஞ்சள். கண்ணோரம் மை தீட்டினது போலக் கருப்பு, ரோஸ் நிறத்தில் மூக்கு. மாங்குயில் என்று பிற்பாடு பிசியோ பெண் போனில் தேடிச் சொன்னாள். கருப்புப் பொடி படிந்த அந்தக் கிளையில் அது உட்கார்ந்திருந்தது. இவருக்குக் காட்ட இதைவிட ஒன்று இனி வராது என்று நினைத்தேன்.

ஆனால் கிளை மதிலுக்கு அந்தப் பக்கமும் நீண்டிருந்தது. பாயம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள்.

"யக்கா, பூச்சி எங்க கொடி மேல வுழுதுக்கா. துணில முள்ளு ஒட்டிக்கினு பச்சப் புள்ளைக்கு ஒடம்பெல்லாம் தடிப்பு. எப்பக் கொளுத்தப் போற?"

"பாயம்மா, கொஞ்ச நாளு உட்டுடு. இப்பத்தான் மஞ்சக் குருவி வர்து. அவுரு திரும்பிட்டார்னா நானே கொளுத்திப்புடுறேன்."

அவள் என்னை முறைத்தாள். திட்டுவாள் என்று நானும் தயாராக நின்றேன். திட்டவில்லை. தன் பக்கம் மதில் நெடுக தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டாள். துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள். சில நாள் அப்படியே ஓடியது. மஞ்சள் பறவை தினமும் வந்தது. நான் தினமும் "இந்தாண்ட பாருய்யா" என்றேன். அவர் தினமும் காலண்டரைப் பார்த்தார்.

ஒருநாள் விடிந்ததும் பாயம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் குழந்தை. அதன் கழுத்தும் கையும் சிவந்து திட்டுத் திட்டாக வீங்கியிருந்தது. அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. "யா அல்லா, என்னால முடிலக்கா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு என் புருஷன், அவளுக்கு அவள் பேத்தி. உள்ளே போய்ப் பழைய லுங்கியைக் கிழித்து, கழியில் நானே சுற்றிக் கொடுத்தேன். "அண்ணன வரச் சொல்லு. இப்பவே கொளுத்திடலாம்."

மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாய் அண்ணன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். நான் பார்க்க விரும்பவில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்கு இடது பக்கம், எப்போதும் உட்காரும் முக்காலியில், பின்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். வெளியே துணி பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. புகை உள்ளே வந்தது. முடிந்தது, இனி குருவியும் இல்லை ஒன்றும் இல்லை என்று மனசு விட்டுப்போனது.

என் காதை உரசிக்கொண்டு என்னவோ போனது.

மஞ்சள். நெருப்புக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மேலே மோதி, ஓடாமல் நின்ற ஃபேனில் மோதி, எதிர்ச் சுவரில் காலண்டர் ஆணியைக் கவ்விக்கொண்டு தொங்கியது. மூக்கு திறந்திருந்தது. மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சின்ன அறையில் அந்த நிறம்! சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், மருந்து நெடி, நான், அவர், எல்லாவற்றுக்கும் நடுவே அந்த நிறம். என் புருஷன் அதைப் பார்த்தார். அவருடைய பக்கத்தில், அவருடைய காலண்டரில், முழுசாகப் பார்த்தார். கஞ்சி வாயோரம் வழிந்தது. நான் துடைக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை.

அது ஆணியை விட்டது. களைத்துப்போய் மெதுவாக, தாழ்வாக, கட்டில் மேலே பறந்தது. அவர் தலை கூடவே வந்தது. சுவரை விட்டு வந்தது. கால்மாட்டுக்கு வந்தது. அங்கேதான் வழக்கமாக நின்றுவிடும், அங்கே அவருடைய உலகம் முடிந்துவிடும். நிற்கவில்லை. பறவை இந்தப் பக்கம் வர வர, கழுத்து வெடவெடவென்று நடுங்க, தலை வந்துகொண்டே இருந்தது. என் தலைக்கு மேலாகப் பின்கதவைத் தாண்டி அது வெளியே போய்விட்டது. எந்தத் திசையில் போனதென்று எனக்குத் தெரியாது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கண் கதவில் ஒரு நொடி நின்றது. பிறகு கீழே இறங்கி என் முகத்துக்கு வந்தது. நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிசியோ பெண் சொன்ன நாள் முதல், காலையும் மாலையும், அதே முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"இன்னாமே," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "எப்ப வந்த?"

"இப்பத்தான்யா," என்றேன். "இப்பத்தான் வந்தேன்."